கவசத்துக்கு ஒரு சத்தியக்கடதாசி

ஆரூரன்,

நீ அனுப்பிய கடதாசி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. சுகமாய் இருக்கிறாயா, மெல்போன் டார்னெய்ட்டில் குளிர் எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுத்தான் ஒரு தாய் கடிதம் தொடங்குவாள். எனக்கு இன்றைக்கு அதற்குப் பொறுமை இல்லை. நீ வடிவாய்த்தான் சாப்பிடுகிறாய். பட்டினி கிடக்கிறவனுக்கு இவ்வளவு தெம்பாய்ப் பொய் எழுத வராது. வாயால் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் போன் எடுத்தேன். இரண்டு தரமும் "அம்மா, ஐ ஆம் இன் எ மீட்டிங்" என்று வைத்துவிட்டாய். ஆகவே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நான் ஒட்டி மூடப் போவதில்லை. உன்னோடு வேலை செய்கிறவர்கள் வாசிக்கலாம், இங்கே சிட்னி கிரவீனில் எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி வாசிக்கலாம், கோயிலில் யாராவது சத்தம் போட்டு வாசித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயத்தில் என் பங்கும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை மெல்போனில் உங்கள் ஏலம். பழைய பொருட்களைப் பார்த்து, இது இன்னது, இந்தக் காலத்தது, இன்ன நிலையில் இருக்கிறது என்று எழுதுவது உன் வேலை. உன் பெயர் போட்டு வரும் முதல் விபரப் புத்தகம் இதுதான் என்று நீ சொன்ன அன்று நான் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். அந்தப் புத்தகத்தின் அட்டையில் இருக்கும் சாமுராய்க் கவசம் என் கை பட்ட கவசம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், சிட்னி லிட்கத்தில், பழைய கவசங்கள் திருத்துகிற பீட்டரின் பட்டறையில், அதன் மார்புத் தகட்டில் இருந்த உருண்டைப் பள்ளத்தை நிரவியவள் நான்தான். இப்போது நீ ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அடித்து, "சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கோ" என்று ஒரு மஞ்சள் துண்டும் ஒட்டி அனுப்பியிருக்கிறாய். நான் அந்தப் பள்ளத்தை நிரவியபோது உள்ளே வெறும் இரும்பு தெரிந்ததாம், அரக்குப் பூச்சு கிழிந்து கிடந்ததாம். போரிலிருந்து தப்பி வந்த பெண் என்றபடியால், இது போரில் பட்ட குண்டு என்று என் கைகளுக்கு உடனே தெரிந்துவிட்டதாம். என் கைகளுக்கு! என் கைகளுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை மகனே. என் கைகள் பிழை செய்தன. அந்தப் பிழையை நீ இன்றைக்கு விற்கப் பார்க்கிறாய்.

நடந்ததை முதலில் ஒழுங்காய்ச் சொல்லுகிறேன், உனக்கும் பாதிதான் தெரியும். பீட்டர் என்னை வேலைக்கு எடுத்தது பட்டறையைக் கூட்டித் துடைக்க. மெத்தை தைக்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை போய் ஆறு மாதம் ஆகியிருந்த நேரம். அங்கே ஜப்பான்காரரின் பழைய கவசங்கள் சாக்குமூட்டை மாதிரிப் பெட்டிகளில் வந்து இறங்கும். நூற்றுக்கணக்கான சின்னத் தகடுகளைப் பட்டுக் கயிற்றால் வரிசை வரிசையாய்க் கோர்த்திருப்பார்கள். கயிறு உக்கினால் கவசம் கலைந்து விழும். ஒருநாள் கயிறு கோர்க்கிற பையன் வரவில்லை என்று பீட்டர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றபோது, நான் ஈரக் கையைத் துடைத்துவிட்டு ஒரு வரிசையைக் கோர்த்துக் காட்டினேன். அன்றோடு துடைப்பம் என் கையை விட்டுப் போனது. அடுத்த வருடம் பீட்டர் இரண்டு கிழமை வெளிநாடு போனார். போகும்போது ஒரு கவசத்தை என் மேசையில் வைத்து, "கயிறு மட்டும். வேறு எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் நெஞ்சில், இடது பக்கமாய், பெருவிரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம். ஓட்டை இல்லை, பள்ளம் மட்டும்.

எனக்கு அதன் முன்னால் இருந்து வேலை செய்ய முடியவில்லை. குண்டு பட்ட இரும்பை நான் முதல்முதலாய்ப் பார்ப்பவளா? தகரம், தண்ணீர்த் தாங்கி, பள்ளிக்கூடக் கதவு, எல்லாவற்றிலும் பார்த்தவள். ஒரு மனிதன் இதைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறான், அவனுக்கு நெஞ்சில் அடித்திருக்கிறார்கள், இப்போது அந்தக் காயத்தை யாரோ வரவேற்பறையில் வெளிச்சம் போட்டு வைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. செத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? பக்கத்துக் கார் பட்டறையில் ஒட்டுப்பசை வாங்கினேன். பசை பிடிக்க வேண்டும் என்று பள்ளத்தின் உள்பக்கத்தை அரத்தாளால் தேய்த்து இரும்பு தெரியச் சுரண்டினேன். பிறகு நிரவி, காய வைத்து, கறுப்புப் பூசி, மினுக்கி, பார்த்தவர் கண்டுபிடிக்க முடியாதபடி செய்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு பிணத்தைக் குளிப்பாட்டி முடித்த நிம்மதி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது பீட்டர் வந்த பிறகுதான் தெரிந்தது.

அவர் கவசத்தைத் தூக்கினார், நெஞ்சைத் தடவினார், கதிரையில் இருந்துவிட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மெதுவாய்த்தான் சொன்னார். அது போரில் பட்ட குண்டு இல்லையாம். கவசம் செய்த கொல்லனே, விற்க முதல், தன் தகட்டை வைத்துத் தானே சுட்டுப் பார்ப்பானாம். குண்டு உள்ளே போகாவிட்டால் அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டு, அதன் மேல் அரக்குப் பூசிக் கொடுப்பானாம். பார், சுட்டேன், துளைக்கவில்லை, நம்பிப் போட்டுக்கொண்டு போ என்று வாங்குகிறவனுக்குச் சொல்லும் உத்தரவாதம் அது. நான் காயம் என்று நினைத்து மூடியது ஒருவன் தன் வேலைக்குக் கொடுத்த வாக்கு. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது: நான் சுரண்டும்போது பள்ளத்தின் அடிவரைக்கும் பழைய கறுப்பு அரக்கு ஒரு வெடிப்பும் இல்லாமல் ஓடியிருந்தது. வெளியே இருந்த அதே பூச்சு. பீட்டர் கேட்டார், "உள்ளே தொட்டாயா, அல்லது மேலால் நிரவினது மட்டும்தானா? உள்ளே அரக்கு இருந்தால் பசையை எடுத்துவிடலாம், அதுவே சாட்சி சொல்லும்."

நான் "மேலால் மட்டும்" என்று சொன்னேன்.

தற்காலிக விசா, வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகிற நீ. வேலை போய்விடும் என்ற பயம். காரணம் எத்தனையும் அடுக்கலாம். பொய் பொய்தான். பீட்டர் என் வார்த்தையை நம்பி, பசைக்குக் கீழே பழைய அரக்கு பத்திரமாய் இருக்கிறது என்று கவசத்தின் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். நான் அந்தக் கடிதத்தை உறையில் போட்டு முத்திரை ஒட்டியவள்.

இப்போது அதே கவசம் உங்களிடம் விற்பனைக்கு வந்திருக்கிறது. பசையைக் கழற்றியிருக்கிறீர்கள். உள்ளே வெறும் இரும்பு. உங்கள் பெரியவர்கள் கூடிப் பார்த்து, பள்ளத்தில் அரக்கு இல்லை, ஆகவே அரக்குப் பூசிய பிறகு பட்ட குண்டு, ஆகவே இது கொல்லன் சுட்டது இல்லை, போரில் சுட்டது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கண்டதைச் சொன்னார்கள். ஆனால் நீ என்னைக் கூப்பிட்டுக் கேட்டாய். "அம்மா, நீங்கள் நிரவேக்கை உள்ளுக்கு என்ன இருந்தது?" என்று கேட்டாய். பன்னிரண்டு வருடம் தொண்டையில் நின்றதை உனக்குத்தான் முதலில் சொன்னேன். அரக்கு இருந்தது, நான்தான் சுரண்டினேன், பீட்டரிட்டைப் பொய் சொன்னனான் என்று அழுதுகொண்டே சொன்னேன். "அழாதேங்கோ அம்மா" என்றாய். என் பிள்ளை எனக்காகக் கவலைப்படுகிறான் என்று நான் விசரி நினைத்தேன். பிறகு நீ சொன்னாய், "சரி அம்மா, இதை வேறை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ." ஒரு கிழமை கழித்து இந்தக் கடதாசி வருகிறது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். உன் வேலிக்கு உன்னைப் பெற்ற ஓணான் கிடைத்திருக்கிறது, இல்லையா?

புதன்கிழமை அதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். ஓம், போனேன். கையெழுத்துப் போடத்தான் போனேன். நீ கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்? அங்கே ஜேபி மேசையில், அதுதான் நீ எழுதிய சமாதான நீதவான் இருக்கிற மேசையில், ஒரு இந்தியத் தமிழ் அம்மா இருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் லைசென்ஸைப் பார்த்தார், கடதாசியைப் புரட்டினார். "நீங்களே வாசிச்சுப் பாத்தீங்களாம்மா?" என்றார். "மேலோட்டமாய் வாசிச்சனான்" என்றேன். "அப்படியெல்லாம் போடக் கூடாதும்மா. உக்காந்து முழுசா வாசிங்க. இதுல இருக்கறது எல்லாம் உண்மைதானேன்னு நான் உங்களக் கேக்கணும், நீங்க ஆமான்னு சொல்லணும்" என்றார். எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, நான் அங்கேயே இருந்து கடைசி வரைக்கும் வாசித்தேன். அப்போதுதான் ஐந்தாவது பந்தியைக் கண்டேன். அந்த அம்மா "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று எழும்பிவிட்டார், என் முகம் அப்படிப் போயிருக்கிறது.

ஐந்தாவது பந்தியில் நீ எழுதியிருக்கிறாய்: என் கணவர் நெஞ்சில் குண்டு பட்டு என் மடியில் இறந்தார், ஆகவே அந்தக் கவசத்தின் காயத்தை நான் பொறுக்க முடியாமல் மூடினேன்.

ஆரூரன், உன் அப்பா எப்படிச் செத்தார் என்று உனக்குத் தெரியாதா? நீ ஏழு வயதுப் பிள்ளை, பக்கத்தில்தான் நின்றாய். போர் முடிந்தபின் முகாமில் கூடாரத் தகரம் காலில் வெட்டியது. இவ்வளவு சின்ன வெட்டு. மூன்றாம் நாள் காய்ச்சல், பிறகு ஏற்புவலி வந்து தாடை இறுகியது. மருந்துக்கு வரிசை. காலையில் ஆறு மணிக்குப் போய் நின்றோம். நாளைக்கு வா என்று அனுப்பினார்கள். அடுத்த நாளும் நின்றோம். வெயிலில், வரிசையில், எங்களுக்கு முன்னால் இன்னும் முப்பது பேர் நிற்கும்போது அவர் போய்விட்டார். ஒரு ஊசி. ஒரேயொரு ஊசி போட்டிருந்தால் இன்றைக்கு உனக்கு அப்பா இருப்பார். குண்டு என்றால் ஒருவன் சுட்டான், ஒருவன் செத்தான், கதை முடிந்தது. இது அப்படி இல்லை. இதில் மேசையில் இருந்தவன், மருந்துப் பெட்டியைப் பூட்டி வைத்தவன், வேலிக்குள் எங்களை அடைத்தவன், வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன் எல்லாரும் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் நீ ஒரு வரியில் விடுதலை செய்துவிட்டாய்! படத்தில் வருகிற மாதிரி ஒரு சாவை எழுதி அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டாய். எதற்காக? யாரோ ஒருவர் ஏலத்தில் இன்னொரு தரம் கை தூக்க வேண்டும் என்பதற்காக.

நான் நேற்று வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து கத்தியபோது நீ பதிலுக்கு என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அண்டைக்கு நீங்கள் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் எங்களுக்கு விசா வந்திருக்கும். ஐ லாஸ்ட் த்ரீ இயர்ஸ், அம்மா" என்றாய். சொல்லு, நன்றாய்ச் சொல்லு. அந்த நாள் எனக்கும் மறக்கவில்லை. அகதி விசாவுக்குப் படிவம் நிரப்பித் தந்தவர் எங்கள் ஆள்தான், நல்ல மனதோடுதான் சொன்னார்: "அக்கா, காய்ச்சல் எண்டால் இஞ்சை ஆர் காது குடுப்பினம்? வெடி எண்டு போடுவம். செத்தவர் செத்தவர்தானே." நான் மாட்டேன் என்றேன். விசா விசாரணையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னைப் பார்த்து, "அப்படியென்றால் உங்கள் கணவரை யாரும் கொல்லவில்லை" என்றாள். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லத் தயங்கினார். எனக்கு அதற்கு முன்பே விளங்கிவிட்டது. முதல் தரம் மறுத்தார்கள். வருடக்கணக்காய் இழுத்தடித்தார்கள். நீ வகுப்பில் முதலாவதாய் வந்தும் பல்கலைக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைக்குரிய கட்டணம் கேட்டது, மூன்று வருடம் கிடங்கில் பெட்டி தூக்கினாய். நீ முதுகில் மருந்து தடவக் கேட்ட ஒவ்வொரு நாளும் எனக்கு அந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாமோ என்று நினைத்திருக்கிறேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனாலும் சொல்லவில்லை. ஏனென்றால் அவர் எனக்கு விட்டுப்போனது வேறு ஒன்றும் இல்லை, அவர் எப்படிப் போனார் என்ற உண்மை மட்டும்தான். அதையும் மாற்றிக் கொடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு அவருக்குத் திவசம் செய்வது?

உன் கோபம் நியாயம். அந்த மேசையில் கோபப்படு, அந்தச் சட்டத்தில் கோபப்படு, என்னிலும் படு. ஆனால் உண்மைக்கு மதிப்பில்லை என்று எனக்குப் பாடம் எடுக்காதே. போன வருடம் நீ ஆசையாய்க் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாயே, ஒரு கண்காட்சி, அங்கே வயிறு தள்ளிய ஒரு மனிதர் முந்நூறு வருடத்துத் தலைக்கவசத்தைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு மனைவிக்குப் பல்லைக் காட்டிப் படம் எடுத்தார். அதன் உள்துணியைக் கிழியாமல் தைக்க ஒருத்திக்கு இரண்டு மாதம் பிடித்திருக்கும். நீ ஓடிப்போய் வாங்கி வைப்பாய் என்று பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டு, "சூட்ஸ் யூ, சேர்" என்றாய். அன்றைக்கே உன் காதைத் திருகியிருக்க வேண்டும். இவர்களுக்குப் பிடித்ததைச் சொல்லுவதா உன் வேலை? பார்த்ததைச் சொல்லு. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லு. "தெரியாது" என்று புத்தகத்தில் எழுதினால் யாரும் உன்னைத் தூக்கில் போட மாட்டார்கள். பீட்டர் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் "தெரியாது" என்பார், அதனால்தான் அவர் "தெரியும்" என்று சொன்னால் சிட்னி முழுக்க நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நான் ஒரு வார்த்தையில் ஓட்டையாக்கினேன்.

இன்றைக்குப் பீட்டரிடம் போய் வந்தேன். இப்போது பட்டறை இல்லை, மகளோடு இருக்கிறார், காது மந்தம். இரண்டு தரம் உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது, என் பொய்யை நானே கத்திச் சொல்லும்படி ஆகிவிட்டது. "சரி, பரவாயில்லை, பழைய கதை" என்பார் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. சொல்லவில்லை. முகம் சிவந்துவிட்டது. "உன் வார்த்தையில் நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். பிறகு எழும்பி அறைக்குள் போய்விட்டார். மகள்தான் என்னைப் வாசல் படலை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். பஸ் தரிப்பில் இருந்து நன்றாய் அழுதேன். அவர் கோபப்பட்டது சரி. எனக்கு அது பன்னிரண்டு வருடம் முன்பே கிடைத்திருக்க வேண்டியது.

அங்கிருந்து நேரே நூலகம். அதே ஜேபி அம்மா. உன் கடதாசியை நான் கிழிக்கவில்லை, கையெழுத்து இல்லாமல் இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேறொரு கடதாசி என் ஆங்கிலத்தில், என் கையெழுத்தில் எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கும், இருக்கட்டும். பள்ளத்துக்குள் பழைய அரக்கு அடிவரை இருந்தது, வெடிப்பு இல்லை. அதைச் சுரண்டியவள் நான். சொல்லாமல் மறைத்தவள் நான். அது கொல்லன் சுட்டுப் பார்த்த அடையாளம் என்று பீட்டர் சொன்னார். என் மகனுக்கு இது தெரியும். இந்தக் கடைசி வரியை எழுத எனக்குக் கை ஓடவில்லை. அந்த அம்மா கேட்டார், "இதுல இருக்கறது எல்லாம் உண்மைதானேம்மா?" நான் ஓம் என்றேன்.

ஒரு பிரதி உனக்கு. ஒன்று பீட்டருக்கு இன்றைக்கே போட்டுவிட்டேன். உன் முதலாளிக்கு எழுதிய உறை என்னிடம் இருக்கிறது, தபாலில் போடவில்லை. நீயாகப் போய்ச் சொன்னால் உன்னைத் திட்டுவார்கள், அட்டைப் படத்தை மாற்றுவார்கள், ஒருவேளை வேலையும் போகும். போனால் வா, சோறு இருக்கிறது. உன் வாயால் வரட்டும் என்றுதான் நான் அந்த உறையை வைத்துக்கொண்டு இருக்கிறேன். ஏலத்துக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமைக்கு மெல்போனுக்கு டிக்கெட் போட்டாயிற்று. ஏலம் அன்றைக்கு முன் வரிசைக் கதிரையில் இருப்பேன். நீ அதற்குள் சொல்லாவிட்டால், கவசத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஏலம் கூறுகிற மனிதர் உன் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கும்வரை காத்திருப்பேன். பெற்ற தாய், நாலு பேருக்கு முன்னால் மகனைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று நீ நினைத்தால், உனக்கு என்னைத் தெரியாது. நான் எழும்பி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவேன்: இந்தக் கவசத்தைப் போரில் ஒருவரும் சுடவில்லை. என் கணவரையும் ஒருவரும் சுடவில்லை. இரண்டு பேரையும் சுட்டது என் மகன்.

அம்மா